ஆளைக் கண்டால் ஓடிவரும் மீனும் வேண்டும், சண்டையும் கூடாது என்றால்

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் வீடு. 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் டேங்க் வாங்கியாயிற்று. போர் தண்ணீர். சும்மா குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருக்கிற மீன் வேண்டாம், ஆளைக் கண்டால் கண்ணாடிக்கு ஓடிவருகிற, தனக்கென்று ஒரு குணமுள்ள மீன் வேண்டும், ஆனால் ஒன்றையொன்று கடித்துக் குதறவும் கூடாது. கடைக்காரர் ஆஸ்கார் குட்டி 2, ஏஞ்சல் 4, நியான் டெட்ரா 10, கோல்டு ஃபிஷ் 2, டேங்க் கிளீனர் 1 என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார், வாங்கலாமா என்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில், இதே செட்டை ஏற்காட்டில் அப்பா அம்மா இருக்கும் வீட்டிலும் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சீட்டைப் பற்றி மட்டும் என்றால் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் குணமும் சமாதானமும் ஒரே கண்ணாடிக்குள் நடக்குமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. நடக்கும், மீனைத் தேர்ந்தெடுக்கிற முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால்.

நான் விலங்கியல் படித்தவன். பிழைப்புக்கு வேறு வேலை, ஆனால் பல வருஷமாக மொட்டைமாடியில் சிமென்ட் தொட்டி கட்டி கௌராமியும் சின்ன வகை சிச்லிட்டும் குஞ்சு பொரிக்க வைத்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். அதனால் இந்த இரண்டு வகை மீது எனக்கு ஒரு சாய்வு உண்டு, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். நன்னீர் மீன் மட்டும்தான் என் கைப்பழக்கம், கடல் மீன் டேங்க் பக்கம் நான் போனதில்லை.

முதலில் ஒரு விஷயம் பிடிபட்டால் மிச்சமெல்லாம் எளிது. ஆளைக் கண்டு ஓடிவருகிற மீன்கள் என்று பெயர் வாங்கியவற்றில் பெரும்பாலானவை சிச்லிட் குடும்பம். ஆஸ்கார், ஏஞ்சல், ஃபிளவர்ஹார்ன், பேரட், ஏன், மேட்டூர் அணையிலிருந்து வந்து நம் சட்டியில் குழம்பாகிற ஜிலேபி கூட அந்தக் குடும்பம்தான். இவை முட்டையைப் போட்டுவிட்டு அதன்பாட்டுக்கு விட்டுப் போகிறவை இல்லை. இடம் பிடிக்கும், முட்டையைக் காக்கும், குஞ்சை மேய்க்கும், சில வகை குஞ்சுகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். அப்படி வாழ வேண்டுமென்றால் யார் ஜோடி, யார் பக்கத்து வீடு, யார் முட்டை திருட வந்தவன் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கண்தான் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற உங்களையும் கவனிக்கிறது. ஆக, எந்தக் குணத்துக்காக அந்த மீன் உங்களுக்குப் பிடிக்கிறதோ, அதே குணம்தான் பக்கத்து மீனை விரட்டவும் வைக்கிறது. ஒன்றை வாங்கினால் இன்னொன்றும் சேர்ந்தேதான் வரும். இதற்கு வழி, அந்தக் குணம் உள்ள, ஆனால் உடம்பிலும் வாயிலும் சின்னதான மீனாகப் பார்த்து, அதுவும் ஒரே ஒரு வகையை மட்டும் எடுத்து, மற்ற எல்லாரையும் அதைச் சுற்றி அமைப்பது. டேங்குக்கு ஒரு கதாநாயகன் போதும்.

மீன் நிஜமாகவே ஆளை அடையாளம் காணுமா என்று யாராவது கிண்டல் செய்தால் சொல்லுங்கள், 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள், வாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற ஆர்ச்சர் மீன்களுக்கு ஒரு மனித முகத்தின் படத்தைப் பழக்கி, பிறகு புதிய முகங்களோடு சேர்த்துக் காட்டியபோது, பழகிய முகத்தின் மேல் சரியாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தன, முதல் சோதனையில் 81 சதவீதம் சரி. அது உறுதியான விஷயம். அதற்காக உங்கள் வீட்டு மீன் உங்கள் முகத்தைப் பார்த்து வருகிறதா, தீனி டப்பாவைப் பார்த்து வருகிறதா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று நான் நினைக்கிறேன். வீட்டில் வேறு யாராவது அதே டப்பாவோடு நின்றால் என் மீன்கள் அதே வேகத்தில்தான் வருகின்றன. இதில் வருத்தப்பட எதுவும் இல்லை, பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது.

இப்போது அந்தச் சீட்டு. ஆஸ்கார் ஓர் அடிக்கு வளரும். நல்ல தீனி கிடைத்தால் முதல் வருஷத்திலேயே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்துவிடும். உங்கள் டேங்கின் அகலமே ஓர் அடி, அது திரும்புவதற்கே இடம் இருக்காது. வாய்க்குள் அடங்குகிற எதையும் அது தீனி என்றுதான் எடுத்துக்கொள்ளும், 10 நியானும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். ஏஞ்சலும் வளர்ந்தபின் நியானைத் தின்னும், அமேசான் ஆறுகளில் சின்ன மீனைத் தின்பது அதன் வழக்கம். அப்புறம் 4 ஏஞ்சலில் 2 ஜோடி சேர்ந்துவிட்டால் மிச்ச 2 மூலையில் தலைகீழாக நின்றுகொண்டு துடுப்பு கிழிந்து கிடக்கும், இந்த அளவு டேங்கில் அது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், அது போடுகிற கழிவும் அதிகம், மற்ற மூன்றும் வெப்பமண்டல மீன். டேங்க் கிளீனர் என்று கொடுப்பது பெரும்பாலும் சக்கர் கேட்ஃபிஷ். அதுவும் ஓர் அடியைத் தாண்டும், பெயரில்தான் கிளீனர், அது போடுகிற கழிவை வேறு யாரோதான் அள்ள வேண்டும். பெரிதானபின் ராத்திரியில் கோல்டு ஃபிஷ் மாதிரி மெதுவாக நகர்கிற மீனின் மேல் ஒட்டிக்கொண்டு வழவழப்பைச் சுரண்டித் தின்கிற பழக்கமும் வரலாம். வளர்ந்துவிட்டதே என்று இதைக் கொண்டுபோய் மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ விடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பெருகித் தொல்லையாகிவிட்டது.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. 2 இன்ச் குட்டியாக இருக்கும்போது இவை எல்லாம் கடைத் தொட்டியில் ஒன்றாகத்தான் கிடக்கின்றன, அவர் கண்ணில் படுவது அந்த ஒரு வாரம்தான். மீன் வாங்கும்போது அது வளர்ந்தால் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் அன்றைக்கு வாங்காதீர்கள்.

மீனுக்கு முன்னால் தண்ணீர். சேலத்தில் மேக்னசைட் தோண்டி எடுக்கிற ஊரில் இருக்கிறோம், போர் தண்ணீர் பல இடங்களில் கடினம், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விழுகிறதே அதுதான் அடையாளம். தெருவுக்குத் தெரு மாறும் என்பதால் உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை), கடினத்தன்மை, அம்மோனியா மூன்றும் பார்க்கிற டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், முதல் மீனுக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு அது. மாநகராட்சிக் குழாயில் வருகிற மேட்டூர் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவதாக இருந்தால் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் சொட்டு இல்லாமல் ஊற்றக் கூடாது. பிஎச்சைக் குறைக்கிறேன் என்று பாட்டில் மருந்து வாங்கி ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். கடின நீரில் அது இறங்கி மறுநாளே பழைய இடத்துக்கு ஏறிவிடும், அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்கிறது. நிலையாக 8 இருப்பது ஆடிக்கொண்டிருக்கிற 7ஐவிட எவ்வளவோ மேல்.

நம் கடைகளுக்கு வருகிற மீன்களில் பெரும்பகுதி சென்னைக் கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் பையில் வருகிறவை (மேட்டூர் பக்கத்துக் கொளத்தூர் இல்லை, அங்கே போய்த் தேடாதீர்கள்). அவை காட்டு மீன்கள் இல்லை, பண்ணையில் பிறந்தவை, அதனால் புத்தகத்தில் மென்னீர் மீன் என்று போட்டிருப்பவற்றில் பலவும் நம் தண்ணீருக்கு மெல்ல மெல்லப் பழக்கினால் தாங்குகின்றன. எல்லாம் இல்லை. நியான், ராம் சிச்லிட், டிஸ்கஸ் மூன்றையும் கடின நீரில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உயிரோடு இருக்கும், ஆனால் நிறம் வெளுத்து ஓரமாக நிற்கும், நீங்கள் தேடுகிற குணம் வெளியே வராது.

போர் தண்ணீரில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். மீன் போடுகிற கழிவிலிருந்து அம்மோனியா வரும். பிஎச் 7இல் இருக்கிற அதே அளவு அம்மோனியா பிஎச் 8இல் கிட்டத்தட்ட 10 மடங்கு விஷம், சூடு கூடினால் இன்னும் கூடும். ஆகவே புது டேங்கில் தண்ணீர் ஊற்றிய மறுநாள் மீன் விடுவது மற்ற ஊர்களில் தப்பு என்றால் நம் ஊரில் பெரிய தப்பு. கழிவை உடைக்கிற பாக்டீரியா ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். மீன் வளர்க்கிற நண்பர் யாராவது ஓடிக்கொண்டிருக்கிற தன் ஃபில்டரின் ஸ்பாஞ்ச் ஒன்றை அழுக்கோடு கொடுத்தால் இது பாதியாகக் குறையும். அந்த ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசி எடுத்து வந்துவிடாதீர்கள், எதற்காக வாங்கினோமோ அதுவே செத்துப்போகும்.

சரி, கதாநாயகன். உங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டால் 106 லிட்டர், மணலும் மேல் இடைவெளியும் போக 90 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுக்கு, இந்தத் தண்ணீருக்கு, நான் கை வைக்கிற முதல் மீன் பேர்ல் கௌராமி. 4, 5 இன்ச் வரும். உடம்பெல்லாம் ஜவ்வரிசி தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி, ஆணுக்கு நெஞ்சில் ஆரஞ்சுச் சிவப்பு. வயிற்றுக்குக் கீழே இருக்கிற துடுப்பு இரண்டும் நூலாக நீண்டிருக்கும், அதில்தான் இந்த மீனின் குணமே இருக்கிறது. புதுசாக ஒரு கல் வைத்தால் இரண்டு நூலையும் முன்னால் நீட்டி, ஒன்றைக் கல்லின் மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்க்கும். அந்த நூலில் சுவை அறிகிற செல்கள் உண்டு. கொஞ்ச நாள் பழகினபின் தண்ணீர் மாற்றக் கையை உள்ளே விட்டால், கையை அசைக்காமல் வைத்திருந்தால், மணிக்கட்டில் அந்த நூல் வந்து படும். முடி உரசுகிற அளவுக்குத்தான் தெரியும். இது மேல்மட்டத்தில் இருக்கிற மீன், காற்றைக் குடிக்க நீர்ப்பரப்புக்கு வரும், அதனால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் 2 இன்ச் இடைவெளி விடுங்கள், மேலே மிதக்கிற செடி கொஞ்சம் போடுங்கள். 1 ஆண், 2 பெண். 2 ஆண் வேண்டாம்.

பேர்ல் கிடைக்கவில்லை என்றால் ஹனி கௌராமி. அதைவிடச் சின்னது, அதைவிடச் சாது, வடகிழக்கு இந்தியா, வங்கதேசப் பக்கத்து மீன். தண்ணீருக்கு மேலே கண்ணாடியில் ஒட்டியிருக்கிற தீனித் துணுக்கைக் குறிபார்த்துத் தண்ணீரைத் துப்பி விழவைக்கும், குழந்தைகள் இருக்கிற வீடென்றால் இது ஒன்றே போதும். கடையில் அதிகம் கண்ணில் படுகிற ட்வார்ஃப் கௌராமி நிறத்தில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடும், ஆனால் அந்த வகையைத் தாக்குகிற ஒரு வைரஸ் உலகம் முழுக்கப் பண்ணைகளில் பரவியிருக்கிறது, மருந்து கிடையாது, கடையில் பளிச்சென்று இருந்து வீட்டுக்கு வந்து சில வாரத்தில் போவது அடிக்கடி நடக்கிறது. ப்ளூ கௌராமியை கம்யூனிட்டி மீன், அதாவது எல்லாரோடும் ஒத்துப்போகிற மீன் என்று விற்கிறார்கள், ஆண் வளர்ந்தபின் ரௌடி.

இல்லை, சிச்லிட்தான் வேண்டும் என்று உங்கள் மனசு அடித்துக்கொண்டால் கிரிபென்சிஸ் ஒரு ஜோடி. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியப் பக்கத்து மீன், 3, 4 இன்ச்தான், ஆஸ்காரிடம் நீங்கள் தேடுகிற அத்தனையும் இதில் சின்ன அளவில் இருக்கிறது. இதில் பெண்தான் முன்கை எடுக்கும். வயிறு ஊதாச் சிவப்பாக மாறி, உடம்பை வில்லாக வளைத்து, ஆண் முன்னால் போய் நடுங்கிக் காட்டும். பாதித் தேங்காய்ச் சிரட்டையை ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்து வைத்தால் உள்ளே போய் மணலை வாயால் அள்ளி அள்ளி வெளியே துப்பிக் குடித்தனம் ஆரம்பித்துவிடும். குஞ்சு வெளியே வருகிற நாளில் அப்பன் ஒரு பக்கம், ஆத்தா ஒரு பக்கம், நடுவில் கொசு மாதிரி ஒரு கூட்டம். அந்த வாரத்தில் அடித்தளத்தில் வேறு யார் இருந்தாலும் அடிதான். ஆகவே கிரிபென்சிஸ் வைத்தால் தரையில் வாழ்கிற வேறு மீன் வைக்காதீர்கள். தரைமீன்கள்தான் வேண்டும் என்றால் கிரிபென்சிஸை விட்டுவிடுங்கள். மேலே கௌராமி இருப்பதில் இரண்டுக்கும் தகராறு இல்லை, அவரவர் மாடி வேறு.

தரை என்று வந்துவிட்டதால் சொல்கிறேன், கோரிடோராஸ் என்கிற குட்டிக் கெளுத்தியைத்தான் எல்லாரும் சொல்வார்கள், நல்ல மீன்தான், 6 சேர்த்து வாங்கினால் கும்பலாக மண்ணைத் துழாவிக்கொண்டே போகும், நடுநடுவே கண்ணை உருட்டி உங்களுக்குக் கண்ணடிக்கிற மாதிரி ஒன்று செய்யும். ஆனால் எனக்குப் பிடித்தது நம் அயிரை. ஆமாம், குழம்பு வைக்கிற அயிரையேதான். நைஸ் மணல் 2 இன்ச் போட்டு அதில் 6 அயிரை விட்டுப் பாருங்கள், முதல் நாள் எல்லாம் எங்கே போயிற்று என்று தேடுவீர்கள். உற்றுப் பார்த்தால் மணலுக்கு வெளியே இரண்டு கண்ணும் மீசையும் மட்டும் தெரியும். தீனி விழுந்த வாசனைக்கு மணல் நாலு இடத்தில் அசைந்து ஒவ்வொருவராக எழுந்து வருவார்கள், வாயில் மணலை வாங்கிச் செவுள் வழியாக வடிகட்டி விடுவார்கள், வேலை முடிந்ததும் மறுபடி உள்ளே. யாரையும் தொந்தரவு செய்யாது. ஒரு எச்சரிக்கை, சந்தையில் உயிரோடு வாங்குகிற அயிரை குளத்திலிருந்து வந்தது, ஒட்டுண்ணியும் புழுவும் கூடவே வரும். தனியாக ஒரு தொட்டியில் குறைந்தது 3, 4 வாரம் வைத்துப் பார்த்த பிறகுதான் டேங்கில் விட வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லை என்றால் கோரிடோராஸே வாங்குங்கள். எதுவானாலும் மணல்தான், கூர்மையான கலர் ஜல்லி போட்டால் மீசை தேய்ந்து புண்ணாகும்.

நடுமட்டத்துக்கு செர்ரி பார்ப் 8, அதில் 3 ஆண், 5 பெண். இலங்கை ஓடைகளின் மீன், 2 இன்ச்சைத் தாண்டாது. தனியாக ஒன்றைப் பார்த்தால் ஒரு சுவாரஸ்யமும் இருக்காது. 3 ஆண் சேர்ந்தால்தான் ஒன்றுக்கொன்று காட்டிக்கொள்ளச் சிவந்து, துடுப்பை விரித்து, பக்கவாட்டில் நின்று அளந்து பார்த்து, ஒருவரையொருவர் தொடாமலே சண்டையை முடித்துக்கொள்ளும். இந்த மாதிரிக் கூட்ட மீன்களுக்குக் குணம் கூட்டத்தில்தான் வெளிவரும், இரண்டு இரண்டாக எல்லா வகையிலும் வாங்கினால் டேங்க் முழுக்கப் பயந்த மீன்கள்தான் இருக்கும். டைகர் பார்ப் கேட்காதீர்கள், கௌராமியின் நூலைக் கடித்து எடுத்துவிடும், அதன் பொழுதுபோக்கே அதுதான். கொஞ்சம் கலகலப்பு வேண்டுமானால் செர்ரி பார்புக்குப் பதில் பிளாட்டி வைக்கலாம், கடின நீர் அதற்குச் சொந்த ஊர் மாதிரி, ஆனால் மாதம் ஒருமுறை குட்டி போடும், பிறகு யாருக்குக் கொடுப்பது என்று அலைவீர்கள்.

குணம் என்று சொல்லும்போது ஒருவரை விட முடியாது. பீ பஃபர், கேரளத்து ஆறுகளில் இருக்கிற 1 இன்ச் குட்டிப் பேத்தை. கண்ணைத் தனித்தனியாகச் சுழற்றி உங்களைப் பார்க்கும், நத்தையை வேட்டையாடும், டேங்கில் நடக்கிற எதையும் கிட்டே வந்து விசாரிக்கும். ஆனால் அடுத்தவன் துடுப்பைக் கடிக்காமல் அதனால் இருக்க முடியாது. அதை இந்த டேங்கில் போடாதீர்கள். ஒரு சின்ன டேங்கில் செடி அடர்த்தியாக வைத்து அதை மட்டும் வளர்க்கலாம், பின்னால் ஆசை வந்தால் தனியாகக் கேளுங்கள்.

ஆக என் கணக்கு, பேர்ல் கௌராமி 3, செர்ரி பார்ப் 8, அயிரை அல்லது கோரிடோராஸ் 6. அல்லது கௌராமி 3, செர்ரி பார்ப் 8, கிரிபென்சிஸ் ஒரு ஜோடி. இதற்குமேல் ஒன்று கூட வேண்டாம், காலியாகத் தெரிந்தாலும் வேண்டாம். விடுகிற வரிசையும் முக்கியம். முதலில் செர்ரி பார்ப், 2 வாரம் கழித்துத் தரைமீன், கடைசியில் கதாநாயகன். முதலில் போனவன் முழு டேங்கையும் தன் பட்டாவில் எழுதிக்கொள்வான், பின்னால் வருகிறவர்கள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் ஆகிவிடுவார்கள். கடைசியில் விடும்போது கல்லையும் கட்டையையும் இடம் மாற்றி வைத்துவிட்டு விட்டால் எல்லாரும் புதுசாக ஆரம்பிக்க வேண்டியிருக்கும், அடி குறையும்.

இவ்வளவு சொன்னாலும் இதில் எது உறுதி, எது இல்லை என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். எது எவ்வளவு வளரும், எது யாரைத் தின்னும், எதற்கு எந்தத் தண்ணீர் என்பதெல்லாம் உறுதி, அதில் பேரம் கிடையாது. எந்த வகை சாது, எந்த வகை முரடு என்பது பொதுவாகச் சரி, ஆனால் ஒரே ஈத்தில் பிறந்த குஞ்சுகளிலேயே துணிந்ததும் பயந்ததும் உண்டு, பேர்ல் கௌராமியிலும் அபூர்வமாக ஒரு முரடன் வருவான். அதை முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. அதற்காக ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பும் உபரி ஸ்பாஞ்ச் ஃபில்டரும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள், யாரையாவது சில நாள் பிரித்து வைக்க உதவும். கடையில் பத்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். எல்லாரையும் துரத்துகிறவனும் வேண்டாம், மூலையில் ஒடுங்கி நிற்கிறவனும் வேண்டாம், கையைக் கிட்டே கொண்டுபோனால் ஒரு கணம் பின்வாங்கி மறுபடி எட்டிப் பார்க்கிறானே, அவனைப் பிடித்துத் தரச் சொல்லுங்கள். செவுள் வேகமாக அடிக்கிற, துடுப்பை ஒட்டவைத்துக்கொண்டிருக்கிற, உடம்பில் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கிற மீன் ஒன்று தொட்டியில் இருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்தபின் சண்டை நடக்கிறதா என்று தீனி நேரத்தில் பார்த்தால் தெரியாது, அப்போது எல்லாரும் ஒற்றுமைதான். விளக்கை அணைப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் பாருங்கள், யார் எங்கே தூங்குவது என்கிற தகராறு அப்போதுதான் வரும்.

சேலத்து ஏப்ரல், மே மாதங்களுக்கு ஒரு ஏற்பாடு தேவை. வெயில் 40ஐத் தொடும்போது டேங்க் தண்ணீர் 31, 32க்குப் போகும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மூடியைக் கொஞ்சம் திறந்து சின்ன மேசை விசிறியை நீர்ப்பரப்பில் படும்படி வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும், தண்ணீரும் அதற்கேற்ப வற்றும், தினமும் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும். கரன்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருக்கட்டும். ஐஸ் கட்டி போடுவது வேண்டாம்.

ஏற்காட்டுக்கு இதே செட்டைச் சிபாரிசு செய்ய மாட்டேன். 1,500 மீட்டர் உயரம், டிசம்பர், ஜனவரி ராத்திரியில் 15 டிகிரிக்குக் கீழே போகும், கௌராமியும் கிரிபென்சிஸும் ஹீட்டர் இல்லாமல் தாங்காது. ஹீட்டர் போடலாம்தான், ஆனால் மழைக்காலத்தில் கரன்ட் நீண்ட நேரம் போகிற இடத்தில், வயதானவர்கள் இருக்கிற வீட்டில், அதை நம்பி இந்த மீன்களை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் சீட்டில் இருந்து நான் அடித்த கோல்டு ஃபிஷ் இருக்கிறதே, அது ஏற்காட்டுக்குத்தான் பொருத்தம். இதே அளவு டேங்கில் உருண்டை உடம்பு ஃபேன்ஸி வகை 2, நல்ல ஃபில்டர், ஹீட்டரே வேண்டாம். ஆளைக் கண்டு ஓடிவருவதில் எந்தச் சிச்லிட்டுக்கும் அது குறைந்ததில்லை, வாலை ஆட்டிக்கொண்டு கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்கும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையுமே என்று யோசிப்பீர்கள், குளிர்ந்த தண்ணீர் அதை ஈடுகட்டிவிடும்.

மீனைச் சேலத்தில் வாங்கி மேலே கொண்டுபோவதாக இருந்தால் கடைக்காரரிடம் ஆக்சிஜன் பையை விறைப்பாகக் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். மலை ஏற ஏறப் பை உப்பும், சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். விறைப்பாகக் கட்டின பை 20 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் முடிச்சில் கசிய ஆரம்பிக்கலாம். பழைய நியூஸ்பேப்பர் சுற்றி, இருட்டாக, ஒரு பக்கெட்டுக்குள் நிமிர்த்தி வையுங்கள். வீட்டில் பையை டேங்கில் மிதக்கவிட்டு 20 நிமிஷம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக டேங்க் தண்ணீரைப் பைக்குள் விட்டுக் கலந்து அரை மணி நேரம், அதன்பின் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரை உள்ளே ஊற்றாதீர்கள். அப்பாவிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள், அது எப்போது பார்த்தாலும் பசிக்கிற மாதிரிதான் நிற்கும், காலையில் ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். குளிர்காலத்தில் ஒரு வேளை போதும்.

போர் தண்ணீரின் பிஎச், கடினத்தன்மை இரண்டும் பார்த்ததும் எழுதுங்கள். கடினத்தன்மை ரொம்பவே அதிகம் என்று வந்தால் செர்ரி பார்பை எடுத்துவிட்டு பிளாட்டிக்கு மாறுவோம், கௌராமி அப்படியே இருக்கட்டும்.